வலது கால்கள்

சாம்பிள் எப்போதும் ஒற்றையாகத்தான் போகும்,
இடது கால் மட்டும்.
ஹாம்பர்க்குக்கு ஒன்று, பாஸ்டனுக்கு ஒன்று.
ஜோடியாய்ப் போனால் சரக்கு,
ஒற்றையாய்ப் போனால் மாதிரி.
மிஞ்சிய வலது கால்கள்
என் நாற்காலிக்குப் பின்னால் இரும்பு அலமாரியில்
பதினோரு வருஷமாய் நிற்கின்றன.
மார்ச் கடைசியில் எண்ணி எழுதுவேன்:
முந்நூற்று நாற்பத்தாறு. மதிப்பு: இல்லை.

ஆம்பூரில் பைபாஸுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே கம்பெனி.
ஏற்றுமதிக் காகிதம் பார்ப்பது என் வேலை.

செவ்வாய்க்கிழமை கரண்ட் போயிருந்த நேரம்
கட்டிங் மேசைமேல் உட்கார்ந்து
குணபூஷணம் போனில் செய்தி படித்தான்.
"அமெரிக்காக்காரனுக்கு நாம நெறைய விக்கிறோமாம்,
அவங்கிட்ட கொஞ்சமாத்தான் வாங்குறோமாம்.
அதுக்குத்தான் அவனுக்குக் கோவம்."
"சீனாக்காரன்?"
"அவங்கிட்ட நாம நெறைய வாங்குறோம்."
"அப்ப யாருக்குக் கோவம் வரணும்?"
"நமக்குத்தான்."
"வந்துச்சா?"
அவன் போனைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தான்.
பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

இந்தச் சரக்கு எங்கே பிறந்தது என்று
ஒரு சான்றிதழ் நான் தயாரிக்க வேண்டும்.
அடிப்பாகம் சீனாவில் கப்பலேறியது.
தோல் பிரேசில் மாட்டுடையது, நீலமாய் நனைந்து வந்தது.
பசை தைவான். அச்சு இத்தாலி,
அந்த ஊர்ப் பாதத்தின் அளவு
ஆம்பூரில் யார் காலுக்கும் பொருந்தாது.
நூல், கண்ணி, உள்ளே வைக்கும் மெல்லிய தாள்
எல்லாவற்றுக்கும் ஒரு பில் உண்டு.
இங்கே பிறந்தது எது என்று தேடினால்
இருதயமேரியின் தையல்,
அவள் கண்ணெரிச்சல்,
பாலாற்றுப் படுகையைத் துளைத்து எடுத்த தண்ணீர்.
தண்ணீருக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.
அது போனது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.
உப்பு மட்டும் இங்கேயே தங்கிவிட்டது,
யாரும் டெலிவரி எடுக்காத பார்சல்போல.
'இந்தியா' என்று முத்திரை குத்தினேன்.
பொய் இல்லை. முழுசும் இல்லை.

மதியம் இரண்டரைக்கு மெயில் வந்தது.
வரி ஏறிவிட்டது, கப்பலோ நடுக்கடலில்,
பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும்,
அன்புடன்.
அத்தாவுல்லா சாஹிப் ஒரே பெருக்கலை
மூன்று தடவை போட்டார்,
கால்குலேட்டர் மனம் மாறும் என்பதுபோல.
பாதியில் பாதியைத் தோல் மண்டிக்குத் தள்ளினார்.
மீதியில் கொஞ்சம் தன் தலையில்.
அதற்கும் மிஞ்சியது படியிறங்கித்
தையல் ஹாலுக்கு வந்தது.
ஜோடிக்குப் பதினாலு இனிமேல் பன்னிரண்டரை.
அத்தனை பெரிய கோபம்
இரண்டு சமுத்திரம் தாண்டி வந்து
ஒன்றரை ரூபாயாக உட்கார்ந்தது.

இருதயமேரி விற்பது ஒன்றுதான், எட்டு மணி நேரம்.
வாங்குவது பால், கேஸ், பையனுக்கு வேன்,
மூக்குக்கண்ணாடி, சனிக்கிழமை குழுக்கடன் தவணை.
நாட்டுக்கு வந்தால் அதன் பெயர் பற்றாக்குறை.
அவளுக்கு வந்தால் கைமாத்து.
நாட்டுக்குக் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள்.
அவள் என்னிடம் வந்து
"முந்நூறு இருக்குமாக்கா?" என்றாள்.

பர்ஸைத் தேடிய நேரத்தில்
அவள் அலமாரியைத் திறந்துவிட்டாள்.
போன மாசத்து பாஸ்டன் மாடல், பழுப்பு, குட்டை ஹீல்.
வலது காலில் மாட்டிக்கொண்டு
இடது காலில் ரப்பர் செருப்போடு
தண்ணீர் டிரம் வரைக்கும் நடந்தாள்.
ஒரு பக்கம் உயர்ந்து, ஒரு பக்கம் தாழ்ந்து,
டக் என்று ஒன்று, சப் என்று ஒன்று.
ஹாலே சிரித்தது. சாஹிப்கூட எட்டிப் பார்த்தார்.
"எனக்கு அளவாத்தான் கீது.
இடதத் திருப்பி அனுப்பச் சொல்லுக்கா."

கரண்ட் வந்தது. மெஷின்கள் ஒவ்வொன்றாய் இரைந்தன.
முந்தானையால் துடைத்து
அது இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் போலந்துக்கு ஒரு புது சாம்பிள் கிளம்பியது.
அதன் வலதை வைக்கப் போனபோது
எதற்கோ மறுபடி எண்ணினேன்.
முந்நூற்று நாற்பத்தேழு.
ஒன்று மட்டும் உள்ளே
இன்னும் கொஞ்சம் வெதுவெதுப்பாய் இருந்தது.